வார நாள் இரவும் கங்காரு கொத்துக்கறியும்

மெல்பனில் வேலை விட்டு வீடு சேர்ந்தால் அரை மணி நேரத்தில் சாப்பாடு தயாராக வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் கங்காரு கொத்துக்கறிதான். சூப்பர்மார்க்கெட்டிலேயே பாக்கெட்டாகக் கிடைக்கிறது. இது பண்ணையில் வளர்ப்பதில்லை. வெளியில் திரிவதை உரிமம் பெற்றவர்கள் வேட்டையாடித் தருவது. கொழுப்பு பெரும்பாலும் 2 சதவீத அளவில்தான்.

சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஆட்டுக்கறி மாதிரி தானாக நெய் விடாது, சீக்கிரம் வறண்டு மணல் மணலாகிவிடும். அதனால் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்குங்கள். கேரட், பீன்ஸ் பொடியாக நறுக்கிப் போட்டு அரைவேக்காடு ஆனதும் கறி. கூடவே வெள்ளரிக்காய் போலிருக்கும் சுக்கினிக் காய் ஒன்றைத் துருவிப் போடுங்கள். அது விடும் தண்ணீரிலேயே கறி பதமாக வேகும். பிள்ளைகளுக்குக் காய் இருப்பதே தெரியாது! பெரிய தீயில் கட்டி உடைத்துக் கிளறினால் பத்து நிமிடம் போதும். ஸ்டீக்கைப் போல உள்ளே சிவப்பாக விடக்கூடாது, அரைத்த கறி முழுதும் வேக வேண்டும்.

மிளகு மட்டும் குறைக்காதீர்கள். அந்தக் காட்டு வாடைக்கு மல்லித்தூளை விட மிளகுதான் சரி. சப்பாத்திக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும். மீந்தால் மறுநாள் தோசைக்குள் வைத்து மடித்துவிடலாம்.