முனி அடித்த தாத்தாவும் 1958 பாகப்பத்திரமும்

தம்பிக்கு 36 வயதில் நெஞ்சுவலி வந்தபோது மதுரை டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "உங்க குடும்பத்துல சின்ன வயசுல யார் யார் போனாங்க?"

அப்பா 44-இல் போனார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தம்பியின் எல்.டி.எல்., அதாவது ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பு, 248. 190-ஐத் தாண்டினாலே பரம்பரைக் கொழுப்பா என்று பார்க்க வேண்டுமாம். அதுவாக இருந்தால், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கும் எடுத்தார்கள். 112.

எங்கள் பூர்வீகம் திண்டுக்கல் மாவட்டத்து மலைக் கிராமமான தாண்டிக்குடி. பழைய சாவுகள் எதுவும் பதிவாகவில்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழிலாவது காரணம் இருக்கும் என்று மூன்று நடை நடந்தேன். 1969-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி, சான்றிதழில் சாவின் காரணத்தைக் காட்டவே கூடாதாம். முதல் நடையிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம்தான் காபித் தோட்டத்துப் பட்டா ஞாபகம் வந்தது. கூட்டுப் பட்டா. தாத்தா பெயரோடு, கேள்விப்படாத இரண்டு பெயர்கள்.

"அவுக பங்காளிக. பேச்சுவார்த்தை கிடையாது," என்றார் அம்மா. தாத்தாவின் அண்ணன் பிள்ளைகளாம். அந்த அண்ணனை ராத்திரி தோட்டத்தில் முனி அடித்துவிட்டது என்பதுதான் வீட்டுக் கதை.

கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) நிலக் கணக்கான ஏ பதிவேட்டை எடுத்து, யூ.டி.ஆர். எண்ணுக்கு, அதாவது நிலப் பதிவுகளைப் புதுப்பித்தபோது கொடுத்த புது எண்ணுக்கு, நேராக இருந்த பழைய சர்வே எண்ணைக் காட்டினார். அதை வைத்து வில்லங்கம் போட்டேன்; அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல் அதில் வரும். இணையத்தில் எங்களுக்குக் கிடைத்தது 1975 வரைதான். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவகத்தில் மனு எழுதி, கையெழுத்து அட்டவணையில் தேட வேண்டும். ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை. சொத்தை வைத்தே தேடுங்கள். பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். திண்டுக்கல் 1985-இல்தான் தனி மாவட்டமானது, அதனால் பத்திரம் முழுக்க 'மதுரை ஜில்லா'.

கிடைத்தது 1958 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல். ஒரு பக்கம் தாத்தா, வயது 29. எதிர்ப் பக்கம், 'காலஞ்சென்ற' அண்ணனின் மைனர் மகன்கள், வயது 6, 3. அவர்களுக்குத் தாயாரே கார்டியன். கமலா ஆரஞ்சு மரங்களைக்கூட எண்ணிப் பிரித்திருந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளையை விட்டுப் போனவருக்கு என்ன வயது இருந்திருக்கும்? முனி மேல் சந்தேகம் வந்தது அங்கேதான்.

மூத்த மைனர் பிற்பாடு தன் பங்கை விற்ற கிரயப் பத்திரத்தில் வத்தலக்குண்டு விலாசம் இருந்தது. போனேன். அவர் இல்லை. கதவைத் திறந்த அவர் மனைவி, எனக்குப் பெரியம்மா முறை, நான் யாரென்று சொன்னதுமே, "என்னம்மா, பங்கு கேட்டு வந்தியா?" என்றார். நகலைக் கையில் வைத்திருந்தது என் தப்பு. அதைப் பைக்குள் வைத்துவிட்டு, தம்பிக்கு நடந்ததைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பெரியப்பா 41 வயதில் பஸ் ஸ்டாண்டில் சரிந்து விழுந்ததைச் சொன்னார். "இமை ஓரத்துல மஞ்ச மஞ்சளா தடிப்பு இருக்கும். அழகுக்குன்னு நெனச்சோம்." டாக்டர் தம்பியின் கண்ணில் விளக்கடித்துத் தேடியதும் அதே தடிப்பைத்தான்.

போன வாரம் பெரியம்மா மகள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 236. மாத்திரை ஆரம்பித்துவிட்டாள். அவள் அண்ணன் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. நான் நிலத்துக்காகத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.