இடது கைக்கு ஒரு மரப்பிடி

போட்டிகளில் சுடும் என் ஏர் பிஸ்டலை (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன். பேரல், டிரிகர், குறிபார்க்க முன்னும் பின்னும் இருக்கும் சைட் எல்லாம் அருமை. கிரிப், அதாவது கைப்பிடி மட்டும் வலது கைக்காரருக்கானது, அதுவும் பெரிய கைக்கு. நான் இடது கைக்காரி, கையும் சிறியது. ஆறு மாதம் அந்த கிரிப்பில் துணியைச் சுற்றியும் கார்க் துண்டுகளை ஒட்டியும் சமாளித்தேன். கடைசியில் ஒரு வால்நட் கட்டையை எடுத்து வைத்துக்கொண்டு நானே செதுக்க உட்கார்ந்தேன்.

பிடிக்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? என் பிஸ்டலில் இரண்டு சைட்டுகளுக்கும் நடுவே 330 மி.மீ. இருக்கிறது. முன் சைட் ஒரே ஒரு மி.மீ. விலகினால் போதும், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 30 மி.மீ. தள்ளி விழும். இலக்கின் நடுவே பத்து புள்ளி தரும் பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான், பத்தில் விழவேண்டியது ஏழுக்குப் போய்விடும். மணிக்கட்டைக் கொஞ்சம் திருகினால் அந்த ஒரு மி.மீ. சரியாகும். ஆனால் போட்டியின் 60 குண்டுக்கும் ஒரே அளவாகத் திருக யாருக்கு முடியும்? கை தன் போக்கில் இருக்கும்போதே சைட் நேராக நிற்கவேண்டும்.

காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றி, பேரல் காலிதான் என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் பழைய கிரிப்பின் ஸ்க்ரூவைத் தொட்டேன். கட்டையில் மரத்தின் இழை பிடியின் நீளவாக்கில் ஓடும்படி பார்த்துக்கொண்டேன். குறுக்கே ஓடினால் மெல்லிய இடங்களில் பிளந்துவிடும். கட்டையை நீளமாக இரண்டாக அறுத்து, இரண்டு பாதியிலும் உளியால் குழி தோண்டி, பிஸ்டலின் ஃபிரேம் உள்ளே உட்காரும்படி செய்தேன். இந்த வேலைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஃபிரேமில் லேசாக லிப்ஸ்டிக் தடவிக் குழிக்குள் அழுத்துவேன். சிவப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுவேன். மறுபடி தடவல், அழுத்தல், சுரண்டல். நாற்பது தடவையாவது இருக்கும். துளி ஆட்டம்கூட இல்லாமல் அது உட்கார்ந்த மாலை எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு இரண்டு பாதியையும் எபாக்ஸி பசையால் ஒட்டினேன்.

வெளி உருவம் அரத்தால் சீக்கிரமே வந்துவிட்டது. மரத்தூளுக்கு முகமூடி கட்டாயம். என் கைக்கு ஏற்ற மேடு பள்ளங்களுக்கு எபாக்ஸி புட்டி வைத்து, எண்ணெய் தடவிய மெல்லிய கையுறையோடு அழுத்திப் பிடித்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். மேஜை முன்னால் உட்கார்ந்தபடி, முழங்கை மடங்கியிருக்கப் பிடித்திருந்தேன். மறுநாள் எழுந்து நின்று கையை நீட்டினால் முன் சைட் தலைகுனிந்து கிடக்கிறது! நிற்கும்போது மணிக்கட்டின் கோணமே வேறு. புட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, சுடும் நிலையில் சுவரைப் பார்த்து நின்று, கையை நீட்டிப் பிடித்து மறுபடி வைத்தேன். பத்து நிமிடம் நடந்து கை சூடான பிறகு பிடித்தது இன்னொரு நல்ல காரியம். சூடான கை கொஞ்சம் உப்பும். குளிர்ந்த கைக்குக் கச்சிதமாகச் செய்த பிடி இருபதாவது குண்டில் இறுக்க ஆரம்பித்துவிடும்.

நடுவிரலும் மோதிரவிரலும் பிடியை நேராகப் பின்னால் இழுக்கவேண்டும். கட்டைவிரல் சும்மா இருக்கவேண்டும். ஆள்காட்டி விரல் மரத்தில் எங்கேயும் படக்கூடாது. பட்டால் டிரிகரை அழுத்தும்போது பிஸ்டலையும் சேர்த்துத் தள்ளும். அதனால் அந்தப் பக்கம் தாராளமாகவே குடைந்துவிட்டேன். கீழே உள்ளங்கையைத் தாங்கும் பலகையை மேல்நோக்கி வளைத்தால் கைக்கு எவ்வளவு சுகம்! ஆனால் சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி அந்த வளைவு கூடாது, மணிக்கட்டும் தாங்கல் இல்லாமல் வெளியே தெரியவேண்டும். வருத்தத்தோடு தட்டையாக்கினேன்.

வார்னிஷ் பூசவில்லை, வியர்வையில் வழுக்கும். 240 உப்புத்தாளோடு நிறுத்தி, கூரான ஆணியால் நெருக்கமாகப் புள்ளி குத்தி, மூன்று முறை ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். எண்ணெய்த் துணியைக் கசக்கிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். நான் விரித்துக் காயவைத்த பிறகுதான் தூக்கிப்போடுவேன்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரே சோதனைதான். கண்ணை மூடி, காலி பிஸ்டலைத் தூக்கி நீட்டி, கண்ணைத் திறந்து சைட்டைப் பார்ப்பது. நேற்று பத்து முறை செய்தேன். எட்டு முறை முன் சைட் நட்டநடுவில் நின்றது. மற்ற இரண்டும் கொஞ்சம் வலப்பக்கம். உள்ளங்கையின் அடிப்பாகம் படும் இடத்தில் அரை மி.மீ. ஏற்றினால் பேரல் இடப்பக்கம் திரும்பும். புட்டி மிச்சம் இருக்கிறது, இன்று சாயங்காலம் வைத்துப் பார்க்கிறேன்.