கேஸ் ஷீட்டில் இல்லாத கேள்வி

நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன் என்றால் சக மருத்துவர்களே "அதெல்லாம் இயல்பிலேயே வரணும், சொல்லிக் கொடுத்தா வராது" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. பேசத் தெரிந்து வருகிறவர்களை நாமே நடுவில் கெடுத்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து சரிசெய்யப் பார்க்கிறோம் என்பதுதான் இத்தனை வருடங்களில் எனக்குப் பட்டது.

முதலாண்டு மாணவர் ஒருவரை நோயாளியின் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். மருத்துவம் ஒன்றும் தெரியாது, ஆனால் நன்றாகப் பேசுவார். ராத்திரி தூக்கம் வருகிறதா, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எவரும் கேட்கிற எல்லாவற்றையும் கேட்பார். அதே மாணவர் இறுதியாண்டில் "எத்தனை நாளா காய்ச்சல்? விட்டு விட்டு வருதா, தொடர்ந்து இருக்கா? சுகர், பிரஷர் உண்டா?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவார். கேள்விகள் அத்தனையும் சரியானவை. பதில் வரும்போது மட்டும் அவர் கண் பேப்பரில் இருக்கும்.

இடையில் வந்தது கேஸ் பிரசென்டேஷன், அதாவது நோயாளியைப் பற்றி விசாரித்ததைப் பேராசிரியர் முன்னால் ஒப்பிப்பது. நோயாளி பேசிக்கொண்டிருக்க, மாணவரின் மனதில் ஓடுவது நாளைக் காலை யூனிட் சீஃப் முன்னால் நிற்கப்போவதுதான். நோயாளியிடம் கேட்டு எழுதும் நோய் விவரம்தான் ஹிஸ்டரி; அதில் இன்னின்ன தொந்தரவு இல்லை என்று சொல்லும் நெகட்டிவ் ஹிஸ்டரியில் ஒன்று விட்டுப்போனாலும் திட்டு விழும். நோயாளிக்கு எதை நினைத்துப் பயம் என்று கேட்காமல் வந்ததற்காக யாரும் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. மாணவர்கள் புத்திசாலிகள், எதற்குத் திட்டு விழுமோ அதைக் கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. பிறர் நிலையை உணரும் தன்மை மூன்றாம் ஆண்டில், அதாவது வார்டுக்குப் போகத் தொடங்கும் அந்த ஆண்டில்தான், அவர்களிடம் இறங்கியிருந்தது. படித்தபோது எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை.

நேரமில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். 1984-ல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சரி, குறுக்கிடாமல் விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களா? 2002-ல் ஸ்விட்சர்லாந்தில் அதையும் பார்த்தார்கள்: சராசரியாக 92 விநாடிகளில் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். அதனால் என் வகுப்பில் முதல் இரண்டு நிமிடம் பேனா மேசை மேல்தான் இருக்க வேண்டும். மாணவர்களுக்கு இந்த ஒன்றுதான் மிகக் கஷ்டமாக இருக்கிறது. கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் தவிப்பார்கள்.

பயிற்சிக்கு நோயாளியாக நடிப்பவர்களை வைத்துக்கொள்கிறோம். 1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. எங்களிடம் நடிக்க வரும் ஓர் அம்மாவுக்கு வயிற்றுவலிக்காரர் வேடம். எப்போதிலிருந்து வலி என்று மாணவர் கேட்டார். "அவர் போனதுலேருந்துதான் தம்பி." "அதாவது எத்தனை மாசம்மா?" "எட்டு மாசம் ஆச்சு." மாணவர் எட்டு மாதம் என்பதற்கு மருத்துவக் குறிப்பாக 8/12 என்று எழுதிக்கொண்டு, சாப்பிட்டால் வலி கூடுகிறதா குறைகிறதா என்று அடுத்ததற்குப் போய்விட்டார்.

முடிந்ததும் அந்த அம்மா வேடத்தை விட்டு வெளியே வந்து, "நீங்க குனிஞ்சு எழுதினதும் அதுக்கு மேல உங்ககிட்ட சொல்லத் தோணல தம்பி" என்றார். மாணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னிடம், "எட்டு மாசம்கிறது மட்டும்தான் மேடம் காதுல விழுந்துச்சு, மத்தது விழவே இல்ல" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. வகுப்பில் மிக மென்மையான பையன்களில் ஒருவர். அதே இடத்திலிருந்து மறுபடி செய்யச் சொன்னேன். இந்த முறை "அவர் போனதுலேருந்து" என்றதும் பேனாவை வைத்துவிட்டு, "என்னாச்சும்மா அவருக்கு?" என்றார். அந்தக் கேள்விக்காகவே எழுதிவைத்திருந்த பதில் அப்போதுதான் வந்தது. கணவருக்கு வயிற்றில் புற்றுநோய், அவருக்கும் இப்படி வலியில்தான் ஆரம்பித்தது, தனக்கும் அதுதானோ என்று பயம். மருத்துவமாகப் பார்த்தாலும் அந்த ஹிஸ்டரியில் அதைவிட முக்கியமான வரி கிடையாது.

தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1975-ல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் முன்வைத்த ஓஸ்கி முறை, அதாவது மாணவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் செய்துகாட்ட, செக்லிஸ்ட் வைத்து மதிப்பெண் போடும் தேர்வு, வந்த பிறகுதான் பேச்சுக்கும் மதிப்பெண் என்ற நிலை பரவலானது, அதில் எனக்கு நன்றி உண்டு. ஆனால் செக்லிஸ்டில் பரிவுக்கு ஒரு மதிப்பெண் என்று இருந்தால், கால் சுளுக்கிக்கொண்டவருக்கும் குழந்தையை இழந்தவருக்கும் ஒரே குரலில் "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்கிறார்கள். பதற்றத்தில் இருக்கும் மாணவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும் என்பதால் வாய்ப்பாடுகளை நான் ஒதுக்குவதில்லை. கெட்ட செய்தி சொல்வதற்கு 2000-ல் வெளியான ஸ்பைக்ஸ் முறையின் ஆறு படிகளையும் சொல்லித்தான் தருகிறேன். அதில் செய்தியைச் சொல்வதற்கு முன்னாலேயே, அவருக்கு இதுவரை என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்கும் படிகள் வருகின்றன. மாணவர்கள் தாண்டிக் குதிப்பது சரியாக அந்த இரண்டையும்தான். குதித்துப் போய், புற்றுநோய் என்று சொல்ல வாய் வராமல் "லீஷன்", "குரோத்" என்கிறார்கள். நோயாளிக்குத் துணையாக வந்த அட்டெண்டர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "டாக்டர் என்ன சொன்னாரு சிஸ்டர்?" என்று கேட்கிறார்.

வகுப்பறையில் இதையெல்லாம் செய்துவிட்டு வார்டில் பழையபடி விட்டால் ஒரே மாதத்தில் காணாமல் போய்விடும். அதனால் ரவுண்ட்ஸில் மாணவர் கேஸ் சொல்லி முடித்ததும், "இதைப் பத்தி அவர் என்ன நினைக்கிறார்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன். கேட்கவில்லை என்றால் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். இதயம் பலவீனமான ஒருவர் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடாமல் மூச்சுத்திணறலோடு சேர்ந்திருந்தார். கேஸ் ஷீட்டில் "நான்-கம்ப்ளையன்ட்", அதாவது சொன்னபடி மருந்து சாப்பிடாதவர், என்று எழுதியிருந்தது. மாணவி போய்க் கேட்டுவிட்டு வந்தார். நாள் முழுக்கப் பேருந்தில் அலைகிற வேலை, நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி இறங்க வேண்டியிருக்கிறது, அதனால் வேலை நாட்களில் விட்டுவிடுகிறார். வேலை முடிந்து வீடு திரும்பியதும் போட்டுக்கொள்ளலாம் என்று நேரத்தை மாற்றிக் கொடுத்தோம்.

இறுதித் தேர்வில் ஒரு நோயாளியை முழுமையாக விசாரித்துப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸில் இந்தக் கேள்விக்கு மதிப்பெண் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தனி ஸ்டேஷனாக வேண்டாம், ஹிஸ்டரிக்குள்ளேயே வரட்டும், மருத்துவம் சொல்லித்தரும் அதே பேராசிரியரே கேட்கட்டும்.