தண்ணிமுறிப்பை முதலில் கொடுங்கள்

1996 ஆம் ஆண்டு நான் ஆண்டு ஒன்பதில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடம் இரண்டு நேரமாக நடந்தது. காலையில் நாங்கள். மத்தியானத்துக்குப் பிறகு, போரால் இடம்பெயர்ந்து வன்னியில் எங்கள் முள்ளியவளைப் பக்கம் வந்து சேர்ந்த இன்னொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதே வாங்கு, அதே மேசை. நாங்கள் மேசையில் பென்சிலால் எழுதிவிட்டுப் போனதற்கு மறுநாள் காலையில் பதில் எழுதியிருக்கும்.

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சரின் வளவில், 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கொட்டில் போட்டு இருந்தது. அவர்கள் உடுப்பைக் குறைத்துக்கொண்டு ஒரு றங்குப் பெட்டி நிறையக் கதைப்புத்தகம் கொண்டுவந்திருந்தார்கள். மழைக்குக் கொட்டில் ஒழுகத் தொடங்கியதும், "பள்ளிக்கூடத்தில வையுங்கோ, பிள்ளையள் வாசிக்கட்டும்" என்று பெட்டியோடு ரீச்சரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எங்கள் வகுப்பு நூலகம் அதுதான்.

அந்தப் பெட்டியை நாங்களாகத் திறக்க முடியாது. ரீச்சர்தான் எடுத்துத் தருவார். ஆளைப் பார்த்து, வீட்டு நிலைமையைப் பார்த்து, இவனுக்கு இது, இவளுக்கு இது என்று ஒவ்வொன்றாகக் கொடுப்பார். "எனக்கு அந்தப் பெரிய புத்தகம் வேணும் ரீச்சர்" என்று கேட்டால், "அது உனக்கு அடுத்த வருசம். இப்ப இதைக் கொண்டுபோ" என்பார். அப்போது எனக்குக் கோபம் வரும். இன்று அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

எனக்கு முதலில் தந்தது அ. பாலமனோகரனின் "நிலக்கிளி". 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல். சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. எங்கள் கைக்கு வந்தபோது அதன் கட்டு முழுவதும் கழன்றுபோயிருந்தது. ரீச்சர் அதை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஊசிநூலால் தைத்து, சீமெந்துப் பைக் கடதாசியால் உறை போட்டிருந்தார். அப்படியென்றால் ஒரே நேரத்தில் நான்கு பேர் வாசிக்கலாம். என்னிடம் வந்தது மூன்றாம் பகுதி. அதை முதலில் வாசித்து, பிறகு முதலாம் பகுதிக்குப் போய், நான்காம் பகுதி வைத்திருந்தவளின் வீட்டுப் படலையில் இரண்டு நாள் காவல் நின்று வாங்கினேன்.

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஜாம் போத்தல் விளக்கில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அது பாடம் படிக்க மட்டும் என்று அம்மா சொல்லிவிடுவார். கதைப்புத்தகம் வெளிச்சம் இருக்கும்போதே வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுவிட்டு, கிணற்றுக்கட்டில் போய் இருந்து, எழுத்துத் தெரியாமல் போகும் வரைக்கும் வாசிப்பேன்.

அது எனக்குச் செய்த வேலையை எப்படிச் சொல்வது! அதுவரைக்கும் நான் வாசித்த கதைகளெல்லாம் சென்னையில் நடந்தன, அல்லது யாழ்ப்பாணத்தில் நடந்தன. கதை என்றால் அங்கேதான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தக் கதை நடந்ததோ தண்ணிமுறிப்பில். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய இடம். காட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் வளர்ந்த பதஞ்சலி என்ற பிள்ளை, அவளைக் கட்டிய கதிர்காமன், அந்தச் சின்ன ஊருக்குப் படிப்பிக்க வருகிற சுந்தரலிங்கம் வாத்தியார். எங்கள் வீட்டில் கதைப்பது போலவே அவர்கள் கதைத்தார்கள். பாலையும் முதிரையும் எங்கள் வேலிக்கு அப்பால் நின்ற மரங்கள், புத்தகத்துக்குள்ளும் நின்றன. நிலத்தில் பொந்து வைத்து வாழ்கிற ஒரு பறவையின் பெயரை எடுத்து ஒரு பெண்பிள்ளையின் முழு வாழ்க்கைக்கும் வைத்திருந்தார் அந்த எழுத்தாளர். அவரும் எங்கள் பக்கத்து மனிதர்தான் என்று ரீச்சர் சொன்னபோது, அவர் நடந்த ஒழுங்கையில் நானும் நடந்திருப்பேனோ என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அப்பாவிடம் தண்ணிமுறிப்பைப் பற்றிக் கேட்டேன். இளவயதில் தேன் எடுக்கப் போனதையும், குளத்தில் பிடித்த மீனை அங்கேயே சுட்டுத் தின்றதையும் சொன்னார். "இப்ப போகேலாது பிள்ளை" என்றார். 1984 இறுதியில் அந்த ஊர்ச் சனம் வெளியேற்றப்பட்டது. நான் வாசித்தபோது பதஞ்சலியின் ஊரில் மனிதர் இல்லாமல் பன்னிரண்டு வருடம். புத்தகத்தில் மட்டும் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ரீச்சர் கதைச் சுருக்கம் கேட்கமாட்டார். எப்போதும் ஒரே கேள்வி: "இந்தக் கதையில வாற ஆள் உன்ர வீட்டுப் படலையில வந்து நிண்டா என்ன கேப்பாய்?" நான் பதஞ்சலியிடம் என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போகச் சொல்வேன் என்றேன். "சரி" என்று சொல்லி அடுத்த புத்தகத்தை எடுத்துத் தந்தார்.

இந்த வருட மலருக்கு, பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் வாசிக்கத்தக்க நாவல்களைப் பற்றி எழுதும்படி எங்கள் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டார்கள். எழுத உட்கார்ந்ததும் முதலில் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும் என்று பட்டது. அது நான் தாயாகச் செய்த பிழை.

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. கனடாவில், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு வன்னி என்றால் ஒவ்வொரு மே மாதமும் விளக்கேற்றும் நாளில் திரையில் காட்டும் படங்கள்தான். ஊரை அறியட்டும் என்று, போன வருடம் அவளுக்கு இறுதிப் போரைப் பற்றிய ஒரு நாவலைத்தான் முதலில் வாசித்துக் காட்டத் தொடங்கினேன். நல்ல நாவல், உண்மையான நாவல். நாலாம் நாள் அவள் கேட்டாள்: "அம்மா, உங்கட ஊரில ஒருத்தரும் சிரிக்கவே இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிலக்கிளியை எடுத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியும், ஆனால் வேகமாக வாசிக்க வராது. காதால் கேட்டால் எல்லாம் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், நான் வாசிக்க அவள் கேட்பாள். நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பாள். குளக்கட்டு என்றால் என்ன? துலாவால் தண்ணீர் எப்படி வரும்? ஏன் காட்டுக்குள் போகும்போது சத்தம் போட்டுக்கொண்டு போகவேண்டும்? என் வாழ்க்கையைப் பற்றி அவள் என்னிடம் இவ்வளவு கேட்டதே இல்லை. கதையின் பிற்பகுதியில் பெரியவர்களுக்குரிய ஒரு சிக்கல் வருகிறது. ஆகவே பதினான்கு வயதுக்கு மேல் கொடுங்கள், கூட இருந்து கதையுங்கள்.

இதுதான் நான் இந்தக் கட்டுரையில் கேட்டுக்கொள்வது. இழந்ததைப் பற்றிய புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன்னால், என்ன இருந்தது என்று காட்டும் புத்தகத்தைக் கொடுங்கள். தண்ணிமுறிப்பைத் தெரியாத பிள்ளைக்கு முள்ளிவாய்க்கால் ஒரு செய்தியாகத்தான் இருக்கும்.

அடுத்தது சிங்கிஸ் ஐத்மாத்தவின் "முதல் ஆசிரியர்". மொஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம், அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் தாள் மஞ்சளாகாமல் இருந்தது அது ஒன்றுதான். கிர்கீசியாவில் ஒரு மலைக் கிராமம். தானே சரியாகப் படிக்காத துய்ஷேன் என்ற இளைஞன் பழைய குதிரை லாயத்தைத் துப்புரவாக்கிப் பள்ளிக்கூடமாக்குகிறான். குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடக்கிறான். தாய் தகப்பன் இல்லாத அல்தினாய் என்ற பிள்ளைக்கு அவன் திறந்துவிட்ட கதவு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் கதை. நாங்கள் இதை வாசித்த காலத்தில் எங்கள் வகுப்புக்கள் சில மரத்தடியில் நடந்தன. ஷெல் சத்தம் கேட்டால் கொப்பியோடு பதுங்குகுழிக்குள் இறங்கி, சத்தம் ஓய்ந்ததும் ஏறிவந்து விட்ட இடத்திலிருந்து படித்தோம். துய்ஷேனைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. பழைய மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் இந்தச் சின்னப் புத்தகம் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நூறு பக்கத்துக்குக் கிட்டத்தான், பன்னிரண்டு வயதிலிருந்து கொடுக்கலாம்.

"பொன்னியின் செல்வன்" பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி தன் வார இதழில் எழுதியது. ஐந்து பாகம் என்றதும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். காரில் போகும்போது ஒலிப்புத்தகமாகப் போட்டுவிடுங்கள். என் பன்னிரண்டு வயது மகன் 401 நெடுஞ்சாலை நெரிசலிலேயே முதலாம் பாகத்தை முடித்துவிட்டான். கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு வலித்து வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுவரும் இடத்தில், வீடு வந்தும் அவன் காரை விட்டு இறங்கவில்லை.

வாசிப்பே பிடிக்காது என்று சொல்லும் பெடியளுக்கு சி. சு. செல்லப்பாவின் "வாடிவாசல்". தகப்பனைக் குத்திக் கொன்ற காரி என்ற காளையைப் பிடிக்க வருகிற மகனின் கதை. ஒரே ஒரு மத்தியானத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். தமிழ்நாட்டுப் பேச்சு முதல் சில பக்கத்தில் தடக்கும், பிறகு ஓடும்.

தமிழில் வாசிக்கவே முடியாத பிள்ளைகளைக் கைவிடக் கூடாது. எங்கள் ஆட்கள் ஆங்கிலத்திலும் நன்றாக எழுதுகிறார்கள். ஷியாம் செல்வதுரையின் "ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ" இளையோருக்கென்றே எழுதியது. 1980 இல் கொழும்பு, பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வந்து இறங்கும் மச்சான் முறைப் பையன். அந்தப் பையன்மேல் அவனுக்கு வரும் காதலை மறைக்காமல் எழுதியிருப்பதால் சில பெற்றோர் தயங்கலாம். நான் தயங்காமல் மகளிடம் கொடுத்தேன். நல்லவேளை கொடுத்தேன், நாங்கள் இருவரும் அதற்குமுன் கதைக்காத விஷயங்களைக் கதைத்தோம். பதினாறு வயதுக்கு மேல் வி. வி. கணேசானந்தனின் "பிரதர்லெஸ் நைற்". டொக்டராக வர ஆசைப்படும் சஷி என்ற யாழ்ப்பாணப் பிள்ளையின் குரலில் எழுதியது. 2024 இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்றது. சுடுநீர் கொட்டிய காயத்துக்கு முட்டை வெள்ளைக்கரு பூசும் தொடக்கத்தை வாசித்தபோது எனக்கு என் அம்மம்மாவின் கை ஞாபகம் வந்தது. இதை நிலக்கிளிக்குப் பிறகு கொடுங்கள்.

பெரியவர்களுக்கு என்று வந்தால் நான் முதலில் சொல்வது சயந்தனின் "ஆதிரை". 2015 இல் வந்தது, அறுநூறு பக்கத்துக்கு மேல். வன்னி மண்ணையும், மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து எங்கள் காட்டோரங்களில் குடியேறிய குடும்பங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற நாவல். எங்கள் வகுப்பிலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களுடைய தாய் தகப்பன் எங்கிருந்து, ஏன் வந்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அதை இந்தப் புத்தகத்தில்தான் அறிந்தேன், நாற்பது வயதுக்குக் கிட்ட. அந்தப் பிள்ளைகளில் யாராவது இந்த மலரை வாசித்தால் எனக்கு எழுதுங்கள், கதைக்க வேண்டும்.

செங்கை ஆழியானின் "காட்டாறு" 1977 இல் வந்தது. நிருவாக அதிகாரியாக இருந்தவர், விவசாயியைச் சுரண்டும் அதிகாரத்தை உள்ளேயிருந்து பார்த்து எழுதினார். வயல் செய்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது சுடும். அனுக் அருட்பிரகாசத்தின் "அ பாஸேஜ் நோர்த்" 2021 இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. பாட்டியைப் பராமரித்த ராணி என்ற பெண்ணின் இறுதிச் சடங்குக்காகக் கொழும்பிலிருந்து வடக்கே ரயிலில் போகிறான் கிருஷன். வசனங்கள் மிக நீளம், ஆறுதலாக வாசிக்கவேண்டும். பிள்ளைகளை இழந்த ஒரு தாயின் மனதை இவ்வளவு மரியாதையாகத் தொட்ட எழுத்து நான் வேறு வாசிக்கவில்லை. அசோகமித்திரனின் "தண்ணீர்" சென்னையில் தண்ணீர் வராத ஒரு தெருவில் ஜமுனா, சாயா என்ற இரண்டு சகோதரிகளின் கதை. குளத்துத் தண்ணீரில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் குடங்களின் வரிசை ஒரு பாடம்.

புத்தகம் எங்கே எடுப்பது என்று பலர் கேட்கிறீர்கள். ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் "நூலகம்" இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. கல்கியின் நாவல்கள் "மதுரைத் திட்டம்" தளத்தில் உண்டு. ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எடுத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தால்தான் அவர்கள் இன்னும் வாங்குவார்கள்.

தை மாதம் ரீச்சருடன் வட்ஸ்அப்பில் கதைத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, பேத்தி வாசித்துக் காட்டுகிறாளாம். மகளை அழைத்துக் கொடுத்தேன். ரீச்சர் அதே கேள்வியைக் கேட்டார். "பிள்ளை, பதஞ்சலி உங்கட வீட்டு வாசல்ல வந்து நிண்டா என்ன கேப்பாய்?"

மகள் யன்னலால் வெளியே பனியைப் பார்த்தாள். "முதல் ஒரு ஜக்கெட் குடுப்பன் ரீச்சர். பிறகு, திரும்பிப் போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவீங்களோ எண்டு கேப்பன்."

கோடைகால ஒன்றுகூடலுக்கு நான் ஒரு பெட்டி புத்தகம் கொண்டுவருகிறேன். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை இருக்கும், ஆதிரை இரண்டு பிரதி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். யாருக்கு எது என்று ஆளைப் பார்த்துத்தான் தருவேன்.