குளத்தின் பெயரில் ஊர்

கிளிநொச்சியில் நாங்கள் படித்த காலத்தில் வகுப்பில் பாதிப் பேர் ஏதோவொரு குளத்துக்காரர். அக்கராயன்குளம், வவுனிக்குளம், மாங்குளம், கனகராயன்குளம் என்று ஊர் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். எங்கள் தமிழ் ஆசிரியர் அதையே பாடமாக்கிவிட்டார். "உன்ர ஊருக்கு ஏன் அந்தப் பேர்?" என்பார். தெரியாவிட்டால் அம்மம்மாவிடம் கேட்டுக்கொண்டு வரவேண்டும்.

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சி அடங்கிய வன்னியில் மாரி மழையைத் தேக்கினால்தான் வயல். அதனால் தண்ணீர் நிற்கிற விதத்துக்கெல்லாம் தனிச்சொல் உண்டு. ஆழமாகத் தேங்குவது மடு. இரணைமடுவில் உள்ள இரணை, இரட்டை. சிறு குளம் மோட்டை. நொச்சிமோட்டை அப்படி வந்தது. அணை எழுப்பிய இடம் முத்தையன்கட்டு, உடையார்கட்டு. அணை உடைந்த இடத்தையும் சனம் மறக்கவில்லை, அது முறிப்பு. குளம் என்பது கன்னடத்தில் கொள, தெலுங்கில் கொலனு; மடு அங்கே மடுவு, மடுகு. இந்த மொழிகள் பிரிவதற்கு முந்திய வேர்களை நாங்கள் பஸ் பலகையில் தினமும் வாசித்துக்கொண்டிருந்தோம் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கண்ணகி அம்மன் கோயில் உள்ள வற்றாப்பளையின் பேரில்தான் பெரிய வாக்குவாதம். கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம், பத்தாம்பளை என்பதே மருவியது என்பது கோயிலில் சொல்லும் கதை. தண்ணீர் வற்றாத இடம் என்று இன்னொரு பக்கம். எனக்கு இன்றைக்கும் கோயில் கதைதான் பிடிக்கும்.

பனங்காமம் வேறு வகை. வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்கள் ஆண்ட அந்த ஊரின் முன்பாதி எங்கள் பனை. காமம், கிராமம் என்ற சொல்லின் பாளி, பிராகிருத வடிவம். கதிர்காமத்திலும் அதுவே. எல்லாப் பெயரையும் ஒரே மொழிக்குள் அடைக்கப் பார்ப்பவர்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. பனையும் காமமும் சேர்ந்தே அங்கு நிற்கின்றன.

சரி, இந்த மலரை வெளியிடும் எங்கள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பெரிய ஊர்கள் வரைபடத்தில் இருக்கின்றன. காட்டுக்குள் தூர்ந்துபோன சிறுகுளங்கள், வயல்வெளிகள், ஒழுங்கைகள் ஆகியவற்றின் பெயர்கள் எங்கள் பெற்றோர் வாயில்தான் இருக்கின்றன. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் இந்த வாரமே அவர்களைக் கேட்டு, குளத்தின் பெயர், அது நிரம்பினால் எந்தப் பக்கம் வான் பாயும் (வழிந்தோடும்), யார் கட்டியதாகச் சொல்வார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த மலரில் அதற்கு நான்கு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.