இடவப்பாதிக்கு முன்னால்

ஏப்ரல் 26, 2025, சனி

பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்று. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்குவதற்குள் வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகளை இன்று காலை கட்டன்சாயா குடித்துக்கொண்டே பேசித் தீர்மானித்தோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஓட்டு வீடு மாமா, என் கணவரின் அப்பா, கட்டியது. வெட்டுக்கல் சுவர், பனங்கழி, அதன் குறுக்கே ஓடு கொளுவுகிற அயனி மரச் சட்டங்கள் (பட்டியல் என்போம்), அதன்மேல் மங்களூர் ஓடு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது பிலாமரத்தின் ஒரு கிளை முன்பக்கச் சரிவில் விழுந்தது. அப்போது வேலைக்கு வந்தவர் உடைந்த ஓட்டை மாற்றாமல், விரிசல் மேல் சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டார். ஓடும் சிமெண்டும் வெயிலில் ஒன்றுபோல விரிவதில்லை. இரண்டு மழைக்காலம் போவதற்குள் பூச்சு ஓரம் பிரிந்து, தண்ணீர் அதன் அடியில் புகுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் நடுமுறியில், அதாவது நடு அறையில், நாலு பாத்திரம் வைக்கிறோம்.

இதே வீட்டில் கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. பட்டணங்கால் கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஊற்று நன்றாக இருக்கும். கால்வாயை அடைத்தால் எங்கள் கிணறும் கூடவே இறங்கும். கூரையில் ஒழுகுகிற தண்ணீர் கிணற்றில் விழ வேண்டிய தண்ணீர் என்று மாமா கடைசிக் காலத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் இருக்கும்போது செய்ய முடியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

என் கணவர் ஒரு நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் கல் கட்டி மகனிடம் கொடுத்தார். கிணற்றில் இறக்கித் தூக்கினால் நாலு முடிச்சுதான் நனைந்திருக்கிறது.

மே 1, வியாழன்

அவருக்கு இன்று லீவு. அடுக்களைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தேங்கி எப்போதும் சேறாகக் கிடக்கும் இடத்தைக் கையில் எடுத்தோம். மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் வட்டமாக ஒரு குழி. தோண்டிய மண்ணைச் சுற்றிலும் வரப்பாகக் குவித்தோம். குழிக்குள் கதம்பல் (தேங்காய் மட்டை), அதன்மேல் காய்ந்த பிலா இலை, வாழைச் சருகு. கழுவுதண்ணீர்க் குழாயை நேராக அதற்குள் விட்டாயிற்று. வரப்பில் மூன்று வாழைக்கன்று: ஒரு செந்துளுவன், இரண்டு மட்டி. எங்கள் மாவட்டத்து மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் அதற்கு இரண்டு இடம் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

குளிமுறித் தண்ணீரையும் இதில் விடலாமா என்று மகள் கேட்டாள். இந்தச் சின்னக் குழி அவ்வளவு தண்ணீர் தாங்காது. முதலில் இது எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

மே 4, ஞாயிறு

மனசு சரியில்லாத நாள். ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

முன்பக்கச் சரிவில் ஒன்பது பட்டியல் உளுத்துப் போயிருந்தது. புதிதாக அயனிப் பட்டியல் அறுத்து வாங்கி இரண்டு வாரமாக நிழலில் அடுக்கி வைத்திருந்தோம். கரையான் ஏறாமல் இருக்க அதற்கு அண்டி எண்ணெய் பூச வேண்டும். கொல்லாங்கொட்டையின், அதாவது முந்திரிக்கொட்டையின், ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய், தார் போலக் கறுப்பாக இருக்கும். இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளின் மரமெல்லாம் இத்தனை வருஷம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த எண்ணெய் தோலில் பட்டால் பொள்ளும். எங்கள் இரண்டு பேருக்கும் கையுறை இருந்தது. மகன் கேட்டு நின்றான், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பூசட்டும் என்று நான் விட்டுவிட்டேன். துணி ஊறி, மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் பட்டுவிட்டது. சாயங்காலத்துக்குள் சிவந்து தடித்து, ராத்திரி கொப்புளம் வந்தது. டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கி வந்தோம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு வாரமாவது ஆகும் என்றார். தப்பு என்னுடையதுதான்.

அத்தை, என் மாமியார், பன்னிரண்டு வருஷம் அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) கொட்டை உடைத்தவர். "தேங்காண்ணெய் தேச்சு, சாம்பல் தொட்டுட்டுதான் மக்கா நாங்க உக்காருவோம். அப்பிடி இருந்தும் வெரலு வெந்து போவும்" என்றார். அவர் விரல் நுனிகளை நான் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன். அந்தக் கறையும் தழும்பும் எதனால் என்று இன்று வரை கேட்டதில்லை. மகன் தூங்கும்வரை அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார்.

மிச்சப் பட்டியலுக்கு அத்தை சொன்ன முறைப்படி, முழங்கை வரை தேங்காண்ணெய் தேய்த்து, அதன்மேல் கையுறை போட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டுமே பூசுவோம்.

மே 10, சனி

ஓடு மாற்றும் வேலை. நினைத்ததைவிட நிறையக் கற்றுக்கொண்ட நாள்.

மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொல்கிறோம். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரே இந்த மாதிரி ஓட்டுக்கெல்லாம் நிலைத்துவிட்டது. ஆனால் ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகப் பூட்டாது. பக்கவாட்டில் இருக்கும் வரம்பு ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் இடைவெளி விழும், காற்றடித்த மழை அந்த வழியாக உள்ளே வரும். முதலில் வாங்கி வந்த பத்துப் புது ஓட்டையும் வைத்துப் பார்த்தோம், ஒன்றுகூட உட்காரவில்லை.

அப்புறம் எங்கள் ஓட்டின் முதுகில் இருந்த முத்திரையைப் பார்த்து, அதில் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, பழைய வீடு பிரித்த சாமான் விற்கும் இடங்களில் ஏறி இறங்கினோம். மூன்றாவது இடம் திங்கள்சந்தை போகும் வழியில். அதே முத்திரை, அதே சிவப்பு! நாற்பது ஓடு எடுத்தோம். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, கணீரென்று சத்தம் வந்ததை மட்டும் வாங்கினோம். மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும்.

ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. ஏணியைக் கூரைமேல் படுக்கப் போட்டு, மோட்டில் (கூரை உச்சியில்) கயிறு கட்டி, கழி போகும் வரிசையில் பலகை வைத்து அவர் ஏறினார். இடுப்பிலும் கயிறு. நான் உள்ளே மேஜைமேல் நின்று, மேல்வரிசை ஓட்டைக் கீழிருந்து லேசாகத் தூக்கிக் கொடுப்பேன். அவர் உடைந்ததை உருவி, நல்லதை நுழைப்பார். ஓட்டின் மூக்கு பட்டியலில் கொளுவியதும் டக் என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்டால் போதும், சரியாக உட்கார்ந்துவிட்டது.

பழைய சிமெண்டை உளியால் மெதுவாகத் தட்டி எடுக்கும்போது இன்னொன்று தெரிந்தது. ஒழுகின இடங்களில் பாதி, ஓடு உடைந்த இடமே இல்லை. ஓட்டின் பள்ளத்தில் பிலா இலையும் பாசியும் அடைத்து, தண்ணீர் வரம்பைத் தாண்டி வழிந்திருக்கிறது. ஒரு தென்னை ஈர்க்கில் விளக்குமாறும் ஒரு மணி நேரமும் செலவழித்திருந்தால் அந்த இடமெல்லாம் எப்போதோ நின்றிருக்கும்.

மாலையில் மரச்சீனிக் கிழங்கும் மத்திக் கறியும். எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் தின்றோம்.

மே 11, ஞாயிறு

இந்த வருஷம் பருவமழை மே 27 வாக்கில் கேரளத்தில் தொடங்கும் என்று வானிலைத் துறை சொல்லியிருக்கிறது. நாங்கள் ஜூன் 1 என்று கணக்குப் போட்டிருந்தோம்.

கிணறு தூர்வாரும் வேலைக்கு மட்டும் ஆள் வைத்தோம். அதில் நாங்களே இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வந்த அண்ணன் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார், அப்புறம் இலைகள் கட்டிய கொப்பை மேலும் கீழும் வீசிக் காற்றைக் கலக்கினார். மேலே மூன்று பேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சேறு இருபது கூடைக்கு மேல் வந்தது. கிணற்றில் விழுந்ததை எடுக்கும் பாதாளக்கரண்டிக்கு அகப்படாத அத்தையின் பித்தளைச் செம்பும் வந்தது.

ஊற்று ஏறியதும் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கு. கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் ஆழம் ஆறு முடிச்சு, அதாவது ஏறக்குறைய 1.8 மீட்டர். மகள் கணக்குப் போட்டு 5,650 லிட்டர் என்றாள். 14 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிவை மட்டும் ராத்திரி ஊற்றிக் கலக்கினோம். காலையில்தான் தண்ணீர் கோர வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பள்ளிக்கூடத்தில் படித்த உருளையின் கன அளவு வீட்டுக் கிணற்றுக்கு உதவியதில் மகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மே 18, ஞாயிறு

நேற்றும் இன்றும் முன்பக்க இறப்பில், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தில், தண்ணீர் பிடிக்கும் குழாய் கட்டினோம். ஆறு இஞ்சு பி.வி.சி. குழாயை ஆக்சா பிளேடால் நீளவாக்கில் பிளந்தோம். ஒரு குழாயில் இரண்டு பாதி.

ஒன்பது மீட்டர் நீளத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் சரிவு கொடுத்து, கிணற்றுப் பக்கம் தாழ்த்த வேண்டும். நேற்று ஓட்டின் ஓரத்திலிருந்து அளந்து அளந்து கிளாம்பு அடித்தார். முடித்ததும் மகன் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினான். அது நேர் எதிர்ப்பக்கம் ஓடியது! எவ்வளவு யோசித்தும் புரியவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் எனக்குத் தோன்றியது: வீட்டுக்கு இவ்வளவு வயசான பிறகு இறப்பு நேர்கோட்டில் இருக்குமா? காலையில் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். கிணற்றுக்கு எதிர்ப்பக்க மூலை பதினொரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. எதிலிருந்து அளந்தோமோ அதுவே சாய்ந்திருக்கும்போது அளவு எப்படிச் சரியாக வரும்? எல்லாக் கிளாம்பையும் கழற்றி, டியூப் மட்டத்திலிருந்து நூல் கட்டி, திரும்ப அடித்தோம். இப்போது ஊற்றிய தண்ணீர் அமைதியாகக் கிணற்றுப் பக்கம் போகிறது.

கிணற்றங்கரையில் 200 லிட்டர் டிரம். அடியில் கருங்கல், அதன்மேல் சல்லி, அதன்மேல் சிரட்டைக் கரி, மேலே கழுவின மணல். டிரம்முக்கு முன்னால் ஒரு பிரிவுக் குழாயும் மூடியும் வைத்தோம். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தென்னந்தடத்துக்கு விட்டுவிட்டு, அப்புறம் கிணற்றுக்குத் திருப்புவதற்கு.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் முன்சரிவு தரையில் மறைக்கிற இடம் 36 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் பெய்தால் 720 லிட்டர். ஓடு குடிப்பது, தெறித்துப் போவது எல்லாம் போனாலும் ஐந்நூறுக்குக் குறையாது. இதைத்தான் இத்தனை வருஷமும் முற்றத்தைக் கரைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடவிட்டோம்.

மே 24, சனி

மழை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கேரளத்தில் பருவமழை தொடங்கியதாக இன்று அறிவித்துவிட்டார்கள். 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது இதுதான். இங்கேயும் காலையிலிருந்தே நல்ல மழை.

நடுமுறியில் ஒரு சொட்டு இல்லை. அத்தை பழக்கத்தில் எடுத்து வைத்த பாத்திரங்களை மத்தியானம் நான்தான் திரும்ப அடுக்களைக்குக் கொண்டு போனேன்.

கிணற்றங்கரையில்தான் பாடு. அரை மணி நேரத்தில் டிரம் நிறைந்து வழிந்தது. மணல் ரொம்பப் பொடி, அதன்மேல் பிலாப்பூவும் இலைத்தூளும் படிந்து தண்ணீரை இறங்கவிடவில்லை. அவரும் மகளும் குடையோடு நின்று மேல்மணலைக் கோரி எடுத்துவிட்டு, பருமணல் போட்டு, குழாய் வாயில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டினார்கள். அதற்கப்புறம் கிணற்றுக்குள் கை தடிமனில் தெளிந்த தண்ணீர் விழ ஆரம்பித்தது. மகன் மருந்து போட்ட கையைப் பாலித்தீனில் சுற்றிக்கொண்டு கிணற்றுச் சுவரில் சாய்ந்து, இருட்டும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றான்.

அடுக்களை மூலையில் மட்டும் சுவரோரம் ஈரம் இறங்குகிறது.

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடித்ததும் அவர் ஏணியைச் சாத்தி அடுக்களை மூலையைப் பார்த்தார். ஓட்டில் குறை இல்லை. பின்னாளில் சேர்த்துக் கட்டிய அடுக்களைச் சுவரும் பழைய கூரையும் சந்திக்கிற இடத்தில் விரல் நுழைகிற இடைவெளி. அங்கே சுவரில் காடி வெட்டி, தகரத்தை வளைத்துச் சொருக வேண்டும். மழை இடைவிட்டால் அடுத்த ஞாயிறு அந்த வேலை.

வாழைக்குழியில் சேறு இல்லை, நாற்றமும் இல்லை. மட்டி இரண்டும் குருத்து விட்டிருக்கிறது. செந்துளுவன் இன்னும் யோசிக்கிறது.

மகன் கையில் கொப்புளம் காய்ந்து தோல் உரிந்துவிட்டது. அவன்தான் இன்று கயிற்றை இறக்கினான். ஒன்பது முடிச்சு நனைந்திருந்தது. கூரைத் தண்ணீர் எவ்வளவு, மண்ணில் ஊறி வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று அவர் அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை அதற்குள் பித்தளைச் செம்பில் கோரி, முதல் செம்பை மாமா வைத்த தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு வந்தார்.