கிளி மூக்கில் வெள்ளை

ஜூலை 8, திங்கள்

பனியன் துணியில் அச்சடிக்க வேண்டிய கிளிப் படம் இன்று டேபிளில் ஏறியது. மஞ்சள், சிவப்பு, பச்சை, கடைசியில் கறுப்பு அவுட்லைன்; கலருக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது வலை கட்டிய சட்டம். மூன்று கலர் வரைக்கும் ஒரு வம்பும் இல்லை. கறுப்பு விழுந்ததும் மூக்கின் இடது ஓரத்தில் மயிரிழை அளவுக்கு வெள்ளை. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் துணி எட்டிப் பார்க்கிறது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜூலை 9

அத்தை போன் செய்தார். மனைவிக்கு இன்னும் வலி ஒன்றுமில்லையாம்.

ஜூலை 10, புதன்

ஸ்கிரீனை இடத்தில் நிறுத்தும் ஸ்டாப்பரைத் தட்டித் தட்டி இடது ஓரத்தை மூடினேன். வலது ஓரத்தில் திறந்துகொண்டது. மதியம் வரை இதே கூத்து. டேபிள் ஓர ரயிலில் முட்டும் இரண்டு போல்ட், ஸ்டாப்பரில் முட்டும் ஒன்று, ஆக ஸ்கிரீனுக்கு மூன்று முட்டு. மூன்றும் சரியாகத்தான் முட்டுகின்றன.

சாப்பிட்ட பிறகு மாஸ்டர், ஸ்கிரீன் எடுப்பதற்கான பிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் காட்டினார். "பாருங்க தம்பி, சிவப்பு எங்க முடியுதோ அங்கயே கறுப்பு ஆரம்பிக்குது. இப்படி வரஞ்சா கடவுளே வந்து அடிச்சாலும் வெள்ளை தெரியும்." சிவப்பு கறுப்புக்கு அடியில் அரை மில்லியாவது நுழைந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வரைகிறவருக்குத் திரையில் கோடும் கோடும் ஒட்டியிருந்தால் போதும். துணி நகரும் என்று அவருக்கு யார் சொல்வது?

புதுப் பிலிம் கேட்டிருக்கிறோம். இதை முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று மாஸ்டரிடம் கேட்க ஆசை. கேட்கவில்லை.

ஜூலை 11

சிவப்புக்கு மட்டும் புதுப் பிலிம் வந்தது. அதுவும் லேசர் பிரின்டரில் எடுத்த பட்டர் பேப்பர். மற்ற மூன்றும் பாலியஸ்டர் பிலிம். லேசர் சூட்டில் பேப்பர் சுருங்கும், நாலும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் எடுத்திருக்க வேண்டும் என்று மாஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 13, சனி

சம்பளம். இரவு ஹோட்டலில் பரோட்டா. பக்கத்து மேஜையில் ஒரு பையன் போட்டிருந்த பனியனில் சிங்கம்; பிடரிக்கும் முகத்துக்கும் நடுவே அதே வெள்ளை. வெறித்துப் பார்த்ததில் அவன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போதெல்லாம் இதுதான் வேலை. பிஸ்கட் கவரைத் திருப்பி ஓரத்தில் இருக்கும் கலர்ப் புள்ளிகளைப் பார்க்கிறேன். இன்று வந்த பேப்பரில் ஒரு அமைச்சரின் உதடு தாடைக்கு இறங்கியிருந்தது. கோடிக்கணக்கில் மிஷின் வைத்திருப்பவர்களுக்கே இப்படி என்றால் மனசு கொஞ்சம் ஆறுகிறது.

ஜூலை 14, ஞாயிறு

தாராபுரம் போய் வந்தேன். அவளுக்குக் கால் நன்றாக வீங்கியிருக்கிறது. "நகத்துல என்னங்க இது, பச்சையா?" என்றாள். எலுமிச்சை வைத்துத் தேய்த்தாள், போகவில்லை. வேறு எதுவும் பேசவில்லை. மச்சான் பஸ் ஏற்றிவிட்டார்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. காற்று ஜன்னலைப் பிய்க்கிறது. பக்கத்து கட்டிங் செக்ஷனிலிருந்து பஞ்சு பறந்து வந்து ஈர கலரில் உட்காருகிறது. மெஷ்ஷிலேயே, அதாவது ஸ்கிரீன் வலையிலேயே, கலர் காய்ந்து கண் அடைத்துக்கொள்கிறது. ஸ்பாஞ்சில் துடைத்துத் துடைத்தே ஒரு ஷிப்ட் போனது.

மாஸ்டர் ஆடி பதினெட்டு கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போகிறார். திரும்பி வரமாட்டார். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

பாலியஸ்டரில் நாலு பிலிமும் வந்து, ஸ்கிரீன் எடுத்து, அடித்தாகிவிட்டது. மூக்கு மூடிவிட்டது. ஆனால் வாலில் வந்திருக்கிறது!

மாஸ்டர் இன்று நல்ல மூடில் இருந்தார். அச்சடித்த பீஸ்களை டேபிளிலேயே விட்டுவிட்டு, வரிசையாக நடந்து பார்க்கச் சொன்னார். எங்கே விலகியிருக்கிறது என்பது பெரிசில்லையாம், எப்படி விலகியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டுமாம். எல்லாப் பீஸிலும் ஒரே பக்கம், ஒரே அளவு என்றால் போல்ட்டைத் திருப்பினால் போதும். ஒரு பீஸ் மட்டும் என்றால் அந்த ஒரு ஸ்டாப்பர் லூஸ். இங்கொன்று அங்கொன்று, திசை இல்லாமல் என்றால் துணியை டேபிளில் ஒட்டும் பசை பிடிக்கவில்லை, துணி நகர்கிறது. நடுவில் சரியாக இருந்து ஓரத்துக்குப் போகப் போக விலகினால் ஸ்டாப்பரைத் தொடவே கூடாது. பிலிம் சைஸ், இல்லையென்றால் மெஷ் தொய்வு. நம்முடையது கடைசி வகை. மூக்கு நடுவில் இருக்கிறது, வால் ஓரத்தில்.

இழுத்து ஒட்டினால் விலகுமா என்று கேட்டேன். சிங்கிள் ஜெர்சி பனியன் துணி அகலவாக்கில் ரப்பராக இழுக்கும். "இழுத்து ஒட்டுனா எல்லாக் கலரும் அதே இழுப்புலதான விழுது? உரிச்சப்புறம் கிளி ஒல்லியாயிடும், அவ்வளவுதான். பாதியில பசை விட்டுச்சுன்னா அப்பத்தான் வெனை." நானாக இத்தனை நாள் இதை யோசிக்கவே இல்லை.

சிவப்பு, கறுப்பு ஸ்கிரீன்களைத் தூக்கிக்கொண்டு மெஷ் கட்டும் கடைக்குப் போனோம். மெஷ் விறைப்பை அளக்கும் மீட்டர் வைத்தார்கள். கறுப்பு 22 நியூட்டன், சிவப்பு 11. கலரை இழுக்கும் ரப்பர் கட்டையான ஸ்குவீஜியைத் தள்ளும்போது தொய்ந்த மெஷ் கூடவே தள்ளிப் போகிறது. மரச்சட்டம் வேறு, கழுவிக் கழுவி முறுக்கிக்கொண்டிருக்கிறது. அலுமினிய பிரேமுக்கு முதலாளியிடம் யார் கேட்பது என்று நானும் மாஸ்டரும் டீக்கடையில் வெகுநேரம் பேசினோம்.

நான்தான் கேட்டேன். தருகிறேன் என்றார். பதினெட்டுக்குப் பிறகு.

ஜூலை 20

வெள்ளை இல்லை. ஒரு டேபிள் முழுக்க இல்லை. அடுத்த டேபிளில் இருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

நேவி ப்ளூ துணி. அதே கிளி. இப்போது கலருக்கு அடியில் வெள்ளை பேஸ் போட வேண்டும், இல்லையென்றால் மஞ்சள் சேற்றுக் கலரில் விழும். பேஸ், மேலே விழும் கலரைவிட ஒரு இழை சின்னதாக இருக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்தாலும் வெளியே தெரியாதபடி. "வெள்ளைக்குச் சுருக்கணும், கலருக்குப் பெருக்கணும்." பிலிமில் இந்த முறை முன்னாலேயே சொல்லி வாங்கினேன். பேஸுக்குச் சென்டிமீட்டருக்கு 43 இழை மெஷ், கறுப்புக்கு 77.

பேஸ் மேல், சூட்டில் காயவைக்கும் பிளாஷை உருட்டிக்கொண்டு போகும்போதுதான் புதுத் தலைவலி. சூட்டில் துணி சுருங்கி, பசையிலிருந்து ஒரு மூலை எழுந்துவிடுகிறது. கலர் அடிக்காமல் வெறும் துணியிலேயே பிளாஷை ஒருமுறை ஓட்டிச் சுருங்கவிட்டு, கையால் அழுத்தி ஒட்டி, அப்புறம் பேஸ் அடித்தோம். பரவாயில்லை. ஆனால் நேரம் இரட்டிப்பு. எதிர்ப்பக்கம் ஸ்குவீஜி வாங்குகிற ஒடிசாப் பையன், "அண்ணா, கை மெதுவா" என்றான். நான் அழுத்தித் தள்ளுகிறேனாம், அவன் லேசாக இழுக்கிறானாம், மெஷ் என் பக்கம் ஒரு மாதிரி அவன் பக்கம் ஒரு மாதிரி வளைகிறதாம். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது அவனுக்கு. சொன்னது சரி.

டாக்டர் வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம் என்றாராம். அப்புறம்?

ஜூலை 24

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் ரிஜிஸ்டர் மார்க், வட்டத்துக்குள் கூட்டல் குறி. ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிறது, நகர்கிறது.

ஜூலை 25, வியாழன்

செக்கிங்கில் நேவி பீஸ் பாஸ். லென்ஸ் வைத்துப் பார்த்த அக்கா, "கை நீட்டிப் புடிச்சுப் பார்த்தா தெரியலையே, அது போதும்" என்றார். மாஸ்டருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அவர் எதிரில் தலையாட்டவில்லை.

மாஸ்டர் தன் ஸ்குவீஜியைக் கொடுத்தார். கைப்பிடி அவர் பிடிக்குத் தேய்ந்திருக்கிறது, எனக்கு உட்காரவில்லை. ரப்பர் விளிம்பு மட்டும் புதுசு மாதிரி நேராக இருக்கிறது. எப்படி என்று கேட்க வேண்டும்.

ஜூலை 26

ராத்திரி பன்னிரண்டு தாண்டி மச்சான் போன். கிளம்புகிறேன். சிவப்பு ஸ்கிரீன் செட் பண்ணியபடியே டேபிளில் இருக்கிறது, நான் வரும்வரை யாரும் போல்ட்டைத் தொட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிட்டேன்.